முதல் ஆறு மாதங்கள்

பள்ளியாசிரியன் ஒருவன் கைக்குழந்தையைப் பற்றிப் பேசப் புகுந்தால், ‘ஐந்து வயதுக்குப் பின்னரன்றோ குழந்தை உம்மிடம் வந்து சேருகிறது? அதற்கு முற்பட்ட காலத்தைப் பற்றி உமக்கென்ன தெரியும்?’ என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசற்காட்டு ஊர்களில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் ஒன்றாம் வகுப்பில் புதிய குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும்போது ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே நாளில், ஒரே பெஞ்சில் அமரும் குழந்தைகள் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. ஒரு குழந்தை நாம் சொல்லும் கதையைக் கண்கொட்டாமல் கேட்கிறது. மற்றொன்று சோர்ந்து சுவரில் சாய்கிறது. ஒன்று நூறு கேள்வி கேட்கிறது. மற்றொன்று தன் பெயரைச் சொல்லவும் தயங்குகிறது. இவ்வேற்றுமையைப் பள்ளிக்கூடம் உண்டாக்கவில்லை. பள்ளிக்கு முந்திய பள்ளி ஒன்று உண்டு. அதன் முதல் பாடங்கள், பிறந்த நாள் தொட்டுத் தாயின் மடியில் நடந்து முடிந்துவிடுகின்றன. அம்முதல் பாடங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் படித்த காலத்தில் மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறையை ஒரு பாடமாக வைத்திருந்தார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குரிய மணிகளும் மரக்கட்டைகளுமே அம்மையாரின் பெயரோடு எங்கள் நினைவில் நின்றன. ஆனால், அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் நமக்கு அண்மையிலுள்ள கோடைக்கானல் மலையிலே தங்கியிருந்தபோது, பிறந்த குழந்தையின் வளர்ச்சியையே கூர்ந்து ஆராயத் தொடங்கினார் என்பதைப் பின்னரே அறிந்தேன். குழந்தையின் மனம் தன்னைச் சூழ்ந்துள்ளவற்றையெல்லாம் பஞ்சு நீரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய கருத்தை விளக்கும் நூல் 1949-இல் அடையாற்றிலேயே வெளிவந்தது. உலகெங்கும் பரவிய ஓர் உண்மை நம் நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து வலுப்பெற்றது என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

பிறந்த குழந்தை ஒன்றும் அறியாதது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது முற்றிலும் சரியன்று. கன்னத்தை விரலால் தொட்டால் அப்பக்கம் திரும்பி வாய் திறந்து முலைக்காம்பைத் தேடும். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். ஓசை கேட்டால் திடுக்கிட்டுக் கைகளை விரித்து மீண்டும் அணைக்கும். இவை இயற்கை அதற்குக் கொடுத்தனுப்பிய அனிச்சைச் செயல்கள். கண்ணோ, இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவிலுள்ளதையே ஓரளவு தெளிவாகக் காணும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் குழந்தையின் கண்ணிலிருந்து ஏறத்தாழ அத்தொலைவில்தான் இருக்கிறது! காது இன்னும் முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. வயிற்றிலிருக்கும்போதே கேட்டுப் பழகிய தாயின் குரலைப் பிறந்த சில நாட்களிலேயே குழந்தை பிற பெண்களின் குரலினின்றும் பிரித்தறிந்து விரும்புகிறது என்பதை டி காஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1980-இல் சோதனை செய்து காட்டினர். பிறக்கும்போது மூளையின் எடை வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வாழ்நாளில் வேறெந்த ஆண்டிலும் இல்லாத விரைவோடு அது முதலாண்டில் வளர்கிறது. அவ்வளர்ச்சிக்கு இரண்டு உணவுகள் வேண்டும். ஒன்று பால், மற்றொன்று பேச்சும் அணைப்பும்.

குழந்தையின் வளர்ச்சியை மாதவாரியாகக் கணித்துப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகவும் தம்மைத் தாயாகவும் வைத்துப் பாடினார். தொட்டிலிற் கிடத்துவது, செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை நடப்பது என்று ஒவ்வொரு நிலையையும் அவர் தனித்தனியே கண்டு பாடியிருக்கிறார். அவ்வழியிலே பிற்காலத்தில் வளர்ந்த பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை, பருவங்களைப் பத்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் திங்கட் கணக்கும் சொல்லியது. மூன்றாம் திங்களில் காப்புப் பருவம். ஐந்தாம் திங்களில் செங்கீரைப் பருவம், அதாவது ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் பருவம். ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணிப் பருவம். புலவர்கள் பாட்டனாரும் பாட்டிமாரும் பார்த்த கண்ணால் பார்த்து எழுதியவை இவை.

இக்கால மருத்துவர் சொல்லும் அளவுகளையும் இவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை எடை இருக்கும். முதல் சில நாட்களில் அது சற்று எடை குறையும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பத்துப் பதினான்கு நாட்களில் பழைய எடை வந்துவிடும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு இருபது முதல் முப்பது கிராம் வரை கூடும். ஐந்தாம் மாத அளவில் பிறந்த எடை இரு மடங்காகும். ஆண்டு நிறைவில் மும்மடங்காகும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முகம் பார்த்துச் சிரிக்கும். உறக்கத்தில் தோன்றும் சிரிப்பு வேறு. நம்மைப் பார்த்து, நாம் சிரித்ததற்கு மறுமொழியாகச் சிரிக்கும் சிரிப்பு வேறு. பின்னதுதான் குழந்தை இவ்வுலகத்தோடு செய்துகொள்ளும் முதல் உரையாடல். மூன்று, நான்கு மாதங்களில் கழுத்து நிற்கும். நான்கு, ஐந்து மாதங்களில் பொருளை நோக்கிக் கை நீளும். குப்புற விழத் தொடங்கும். ஆறு முதல் எட்டு மாதங்களில் பற்றுக்கோடின்றி உட்காரும்.

இவ்வளவுகள் தேர்வு மதிப்பெண்கள் அல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டதே, நம் குழந்தை விழவில்லையே என்று கலங்குவது வேண்டா. ஒரே தாயின் மக்களுள்ளும் இரண்டு வாரம் முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆனால், மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஓசைக்குத் திரும்பவோ திடுக்கிடவோ இல்லை, ஐந்தாம் மாதமும் கழுத்து நிற்கவில்லை என்றால், ‘தானே சரியாகும்’ என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காது கேளாமையை முதல் ஆண்டிலேயே கண்டறிந்த குழந்தைகள் பேசக் கற்றதையும், அதனை ஐந்தாம் வயதில் பள்ளியிலே நாங்கள் கண்டுபிடித்த குழந்தைகள் பட்ட பாட்டையும் நான் நேரில் அறிவேன்.

இனி உணவுக்கு வருவோம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடுத்தல் ஆகாது. உலக சுகாதார மன்றம் 2001-இல் ஏற்றுக்கொண்ட இப்பரிந்துரையே இன்றும் நிலைபெற்றிருக்கிறது. முதலில் சுரக்கும் சீம்பால் மஞ்சள் நிறமாகவும் கெட்டியாகவும் சிறிதளவாகவும் இருக்கும். ‘இது கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றல் அதில்தான் மிகுதி. அந்தச் சில துளிகளே பிறந்த குழந்தையின் சிறு இரைப்பைக்குப் போதுமானவை. அதனைக் கொட்டிவிட்டு, நல்ல குணமுடையார் ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைப்பதும், தெருவில் வரும் கழுதைப் பாலை வாங்கி ஊற்றுவதும் பெரியோர்கள் அன்பினால் செய்தவையே. ஆயினும், அத்துளியோடு கிருமியும் உள்ளே போகும். நல்ல குணமுடையார் குழந்தையை மடியில் வைத்து வாழ்த்தட்டும்; அதுவே போதும். தேனும் ஓராண்டு நிறையும்வரை கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிறு குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்க வல்லது.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் ஐயம் இருக்கிறது. இது கந்தக பூமி. மழை குறைவு, வைப்பாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். சித்திரை வெயிலில் பெரியவர்களுக்கே நா வறளும்போது, பச்சைக் குழந்தைக்கு ஒரு சங்கு தண்ணீராவது ஊற்ற வேண்டாமா என்று பாட்டிமார்கள் கேட்கிறார்கள். கேட்பது இரக்கத்தினால்தான். விடை இது: தாய்ப்பாலில் 88 விழுக்காடு தண்ணீரே. எவ்வளவு வெயிலானாலும் அதற்கு வேண்டிய நீரெல்லாம் பாலிலேயே இருக்கிறது. வெயில் நாளில் குழந்தை அடிக்கடி, சிறிது நேரமே பால் குடித்து விலகும். அப்போது வருவது நீர் மிகுந்த முன்பால். தாகத்தை அது தணிக்கும். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய், குழந்தையன்று. பால் போதுகிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடி வந்தால், பால் போதும். அழுகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு புட்டிப்பாலைத் தேடிப் போக வேண்டா. பால்மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை நம் நாட்டுச் சட்டம் 1992-இலேயே தடுத்தது என்றால், அவற்றால் விளைந்த கேடு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே, நேயர்களே, என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1984-ஆம் ஆண்டு. இம்மாவட்டம் இராமநாதபுரத்தினின்றும் பிரிவதற்கு முன்னைய காலம். நான் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் சிறுமி ஒருத்தி, நான்கு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். “அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருச்சு சார், தம்பியைப் பாத்துக்கிட ஆள் இல்ல” என்றாள். குழந்தை அழுதது. அவள் ஒரு புட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் கலந்த பால் அது, பார்த்தாலே தெரிந்தது. வகுப்பு கலைந்தது. நான் பயிற்சிப் பள்ளியில் படித்த ஒழுங்குமுறைகளையெல்லாம் நினைத்துக்கொண்டு, “நாளை முதல் தனியாக வருவதானால் வா” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளும் குழந்தையோடு வந்து வாயிலில் நின்றாள். மறுநாளும் அனுப்பினேன். அதன்பின் வரவில்லை.

பங்குனி மாதம் அக்குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. உச்சி விழுந்துவிட்டது என்றார்கள். தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் சென்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. அடுத்த வாரம் அச்சிறுமி பள்ளிக்கு வந்தாள். நான் சொன்னபடியே தனியாக வந்தாள். அன்று நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு வாயும் இல்லை.

உச்சி விழுதல் என்பது என்ன என்பதைப் பின்னர் ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் பிறக்கும்போது ஒன்றாக இணைந்திருப்பதில்லை. மூளை வளர இடம் வேண்டுமல்லவா? முன்னுச்சியில் எலும்பில்லாத மெல்லிய இடம் ஒன்று இருக்கிறது. அது ஒன்பது முதல் பதினெட்டு மாதங்களுக்குள் மூடிக்கொள்ளும். வயிற்றுப்போக்கால் உடலிலுள்ள நீர் வற்றும்போது அவ்விடம் குழிகிறது. ஆகவே உச்சி விழுவது நோயன்று. உடல் வற்றிவிட்டது என்று இயற்கை காட்டும் அடையாளம். நம் பாட்டிமார் கண்ட அடையாளம் மிகச் சரியானது. செய்த வைத்தியமே தவறானது. தொண்டையில் விரல் விட்டோ, வயிற்றைத் தடவியோ எடுப்பதற்கு உள்ளே தொக்கம் என்று எதுவுமில்லை. வேண்டியதெல்லாம் இழந்த நீரும் உப்பும் திரும்பக் கிடைப்பதே. 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த போன்காவ் முகாமில், சிரை வழியாக ஏற்றும் மருந்து தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்றோரைக் காத்தார். அதே உப்பு சர்க்கரைக் கரைசல் இன்று ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பொட்டலமாகக் கிடைக்கிறது. குழந்தைக்குப் போக்குக் கண்டால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. முன்னிலும் அடிக்கடி கொடுக்க வேண்டும். செவிலியர் சொல்லும் அளவில் கரைசலையும், பதினான்கு நாட்கள் துத்தநாக மருந்தையும் கொடுக்க வேண்டும். உச்சி குழிந்து, கண் உள்வாங்கி, குழந்தை துவண்டால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அச்சிறுவனுக்குக் கிடைக்க வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

பழைய வழக்கங்கள் எல்லாவற்றையும் நான் குறை கூறுவதாக எண்ண வேண்டா. தாலாட்டை விடச் சிறந்த மொழிப்பாடம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இல்லை. பொருள் புரியாத பருவத்திலேயே ஓசையும் இசையும் குழந்தையின் செவியில் ஏறி மொழிக்கு வழி அமைக்கின்றன. கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலிற் கிடத்தி, இளஞ்சூடான நீரில் குளிப்பாட்டும் பாட்டியின் திறமையை எந்தச் செவிலியும் வியப்பாள். எண்ணெயை மென்மையாகத் தேய்ப்பதும் நல்லதே. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, முகத்தருகே சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். நுரையீரலுக்கு அவை பகை. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரிட்டு, இரவில் பெயர் சொல்லவும் அஞ்சி மதித்த மக்கள் நாம். எனினும் அதனைச் சுட்டும் உரைத்தும் உள்ளுக்குக் கொடுப்பதை மருத்துவர்கள் விலக்குகின்றனர். தொப்புள் கொடியில் சாம்பலோ மஞ்சளோ வைக்காமல் உலர்வாக விட்டால் ஒன்றிரண்டு வாரங்களில் தானே விழும். கண்ணுக்கு மை தீட்ட வேண்டா. சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. சேலைத் தூளியில் இடும்போது துணி முகத்தை மூடாமலும், கழுத்து மடங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் உறங்க வைக்கும்போது மல்லாக்கவே கிடத்த வேண்டும். அமெரிக்க நாட்டில் 1994 முதல் இவ்வொரு செய்தியை வீடுதோறும் பரப்பியதனால், உறக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நம் தொழிலால் வரும் கவலை ஒன்று உண்டு. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இம்மண்ணில் இட்ட விதையே, தீப்பெட்டியாகவும் பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் தழைத்து, வானம் பார்த்த பூமியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தது. அத்தொழிலில் பெண்களின் கைகளே மிகுதி. பட்டாசுக்குரிய அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும், தீக்குச்சிக்குரிய மருந்தும், வேலை முடிந்து வரும் தாயின் கையிலும் தலைமயிரிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகின்றன. பகலெல்லாம் காத்திருந்த குழந்தை அழுகிறது. தாய் ஓடிவந்து அள்ளிக்கொள்கிறாள். அவளை யார் குறை சொல்ல முடியும்? ஆயினும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கை, முகம், மார்பு ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவி, வேலைச் சேலையை மாற்றிய பின்னரே பால் கொடுக்க வேண்டும். வேலைத் துணிகளைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல் கூடாது. அத்துணியில் தூளி கட்டுதலும் கூடாது. வீட்டிலே தீப்பெட்டி ஒட்டுபவர்கள் பசைக் கிண்ணத்தையும் சிதறிய தாள்களையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வெடிமருந்தை வீட்டுக்குள் கொண்டுவந்து திரியோ வெடியோ செய்வது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, தொட்டில் ஆடும் கூரையின்கீழ் அது நுழையவே கூடாது.

வேலைக்குப் போகும் தாய் எவ்வாறு ஆறு மாதம் பால் மட்டுமே கொடுக்க முடியும் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடை சொல்லியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் 12 வார ஊதிய விடுப்பை அளித்தது. 2017-இல் செய்த திருத்தம், முதலிரு பிள்ளைப்பேறுகளுக்கு அதனை 26 வாரமாக உயர்த்தியது. 26 வாரம் என்பது ஏறத்தாழ ஆறு மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளையும், ஐம்பது பேருக்குக் குறையாத தொழிலிடங்களில் குழந்தைக் காப்பகமும் சட்டம் கூறியவை. பின்னர் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 1987-இல் தமிழக அரசு தொடங்கிய உதவித் திட்டத்தின் தொகை பின்னர் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பெயர் பதிவேட்டில் ஏறாமல், குரோசுக்கு இவ்வளவு என்று துண்டுக்கூலிக்கு உழைப்பவளுக்கும், வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுபவளுக்கும் விடுப்பு என்பது கூலியில்லா நாள்தான். சட்டத்துக்கும் தொட்டிலுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியில்தான் நம் குழந்தைகள் விழுகின்றனர். ஆலை உரிமையாளர்கள் இதனைச் செலவு என்று எண்ணாமல், ஆபத்தான வேலைக்கூடங்களினின்றும் நெடுந்தொலைவில் ஒரு தூய அறையையும், ஒரு நல்ல ஆயாவையும், இரண்டு இடைவேளைகளையும் தந்தால், குழந்தையை நினைத்துப் பதறாத கை நிதானமாக வேலை செய்யும். வெடிமருந்துத் தொழிலில் நிதானத்தின் விலை என்ன என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விடுப்பில்லாத தாய்க்கும் ஒரு வழி உண்டு. புறப்படுமுன் கைகளைக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைக் கையால் பீய்ச்சி, மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். நம் வெயிலில் நான்கு மணி நேரத்துக்குள் அதனைப் பயன்படுத்திவிடுவது நல்லது. புட்டி வேண்டா, பாலாடையோ கிண்ணமும் கரண்டியுமோ போதும். அவற்றைக் கழுவுவதும் எளிது. குறைமாதமாகவோ, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையைத் தாய் தன் வெற்று மார்போடு அணைத்துத் துணியால் கட்டிக்கொள்வது, கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் 1978-இல் தொடங்கிய முறை. தந்தையும் இவ்வாறு அணைக்கலாம். ஆண்மகனுக்கு இது இழுக்கன்று.

தடுப்பூசி பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். பிறந்தவுடன் காசநோய்க்கும் மஞ்சட் காமாலைக்கும் உரிய ஊசிகளும் போலியோ சொட்டு மருந்தும். பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில் மற்றவை. ஒன்பதாம் மாத நிறைவில் தட்டம்மைக்குரியது. இவையனைத்தும் அரசு நிலையங்களில் இலவசம். ஊசி போட்ட இரவு சற்றுக் காய்ச்சல் அடிப்பதற்கு அஞ்சி அடுத்த ஊசியை விடுவது பெரும் பிழை. போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகளை வகுப்புதோறும் கண்ட தலைமுறை எங்களுடையது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தில் காணப்பட்டாள். 2014-இல் நம் நாடு அந்நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. ஊசிக்கும் சொட்டு மருந்துக்கும் இதனினும் சான்று வேண்டுமோ?

ஆபத்தின் அடையாளங்களையும் வீட்டிலுள்ளோர் அனைவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும் மூச்சு வாங்குதல், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளிழுத்தல், உடல் கொதித்தல் அல்லது சில்லிடுதல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், தொப்புளில் சீழ். இவற்றுள் ஒன்று தோன்றினும் இரவு பகல் பாராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவர் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. நாம் முன்னேறியிருக்கிறோம். ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஒன்று எவர் வீட்டுத் தொட்டிலாகவும் இருக்கலாம்.

விருதுநகரில் பிறந்த காமராசர், பசித்த பிள்ளையால் படிக்க முடியாது என்ற எளிய உண்மையைக் கண்டு 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பினார். அவ்வுண்மையை இன்னும் ஐந்தாண்டு பின்னோக்கிக் கொண்டு சென்றால் நாம் தொட்டிலருகே வந்து நிற்போம். அச்சிறுமியைத் தனியாக வரச் சொன்ன நாளில் எனக்கு இது தெரியாது. பிற்காலத்தில் தலைமையாசிரியன் ஆனபின், தம்பி தங்கையரைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பியதில்லை. வகுப்பின் ஓரத்தில் ஒரு பாயை விரித்து, சத்துணவுக்கூடத்து ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மாலையில் அவ்வீட்டுக்குச் சென்று தாயையும் அங்கன்வாடி ஆசிரியையையும் சேர்த்து வைப்பேன். பாடம் சற்றுக் கலைந்தது உண்மை. கலைந்த பாடத்தை மறுநாள் நடத்திக்கொள்ளலாம்.